கெட்சல் கடைப் பை

யூதர்கள் நிறைந்த எங்கள் பினே பிராக் ஊரில் மீன்கடை கெட்சலைத் தெரியாதவன் மீன் தின்னாதவனாகத்தான் இருப்பான். 'ரெப்' என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும், வாயைத் திறந்தால் வசவு. அந்த வாயை நம்பி அவரை எடை போட்டுவிடக் கூடாது. அவர் வண்டியை ஓட்டுகிறவன் நான், சொல்கிறேன்.

வியாழன்தோறும் கஷ்டப்படும் வீடுகளுக்குச் சபாத் என்னும் ஓய்வுநாள் விருந்துக்குச் சாமான் அனுப்புவார். கோழி, எண்ணெய், ரொட்டி எல்லாவற்றையும் கடைப் பையில் போட்டு, மேலே ஒரு கெண்டை மீன். பார்க்கிறவர்களுக்கு அது காசு கொடுத்து வாங்கிய மீன். வாங்குகிறவர் தலை குனியக் கொடுத்தால் எங்களிடம் அது தருமமே அல்ல.

பஸ்கா பண்டிகை நெருங்கியது. கையிருப்பு கரைந்துவிட்டது. அப்போதுதான் வெள்ளிச் சாமான் வியாபாரி லெம்பர்கர் வந்தார்.

"மொத்தச் செலவும் என்னுது, ரெப் கெட்சல். ஆனா ஒவ்வொரு பையிலயும் 'பிரைந்தல் நினைவாக'ன்னு எங்கம்மா பேரு இருக்கணும். பெருசா."

"எதுக்கு? மேல இருக்கிறவருக்கு உங்கம்மாவைத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியணும்ல?"

அவர் போனதும் நான் சொன்னேன்: "வேண்டாம்ங்க. சில்பர் வீட்டை நினைச்சுப் பாருங்க."

சில்பர் படுக்கையில் விழுந்து ஒரு வருஷம். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரைந்தல் பை என்றால் தருமப் பை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அது அந்த வீட்டுப் படியேறினால், சம்பந்தம் படியிறங்கிவிடும்.

"வேண்டாம்னா பண்டிகைக்கு உன் தலையையா சமைச்சுப் போடுறது?" என்றார் கெட்சல். "பையை அச்சடிக்கச் சொல்லு. கடைக்கும் சேர்த்து."

"கடைக்கு எதுக்கு?"

"சொன்னதைச் செய்டா, கழுதை."

அதிலிருந்து மீன் வாங்கியவர்கள் எல்லாரும் பிரைந்தல் பையோடுதான் வெளியே போனார்கள். எங்கள் மதகுரு ரப்பியின் மனைவி போனாள், வங்கிக்காரர் போனார். லெம்பர்கரின் மனைவியும் போனாள். சாயங்காலமே லெம்பர்கர் முகம் சிவக்க வந்து நின்றார்.

"என் பொண்டாட்டியே தருமப் பையோட வீட்டுக்கு வர்றாளே, ரெப் கெட்சல்!"

"ஒவ்வொரு பையிலயும்னு நீங்கதானே சொன்னீங்க? ஊரே இப்ப உங்கம்மாவைத் தூக்கிட்டு நடக்குது. இதைவிடப் பெருசா வேணுமா?"

லெம்பர்கர் தெருவைப் பார்த்தார். அம்மாவின் பெயர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"பை பத்துமா? இன்னும் அச்சடிக்கணுமா?" என்றார்.

பண்டிகைக்கு முந்தின வியாழன், பையோடு சில்பர் வீட்டு மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். பையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் போனேன். அவள் பையைப் பார்த்தாள். அவள் காலடியிலும் அதே பிரைந்தல் பை.

"நீங்களும் கெட்சல்கிட்டதானா? அந்த ஆளு வாயி இருக்கே, அப்பப்பா! ஆனா கெண்டை நல்லா இருக்கும்."

"தலையை மட்டும் கேட்டு வாங்கணும். இல்லன்னா அமுக்கிடுவாரு" என்றாள் சில்பர் மனைவி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கடைக்கு வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். கெட்சல் மீனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நானா அமுக்குறேன்? அடுத்த தடவை அவங்களுக்கு ரெண்டு தலை வை. இங்க நின்னு பல்லைக் காட்டாதே, ஐஸ் உருகுது. போ!"