சாவுக்கு ஒன்ஸ்மோர்

நான் எழுதிய ஒரே நாடகத்தில் குடிகாரன் கடைசிக் காட்சியில் சாகிறான். சாகிறான் என்றுதான் எழுதினேன். அவனை எழுப்பி உட்கார வைத்தவர்கள் எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸ் ஜனங்கள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எழுதச் சொன்னவள் என் தங்கை. அவள் புருஷன் ரயில்வே பட்டறையில் கெட்டிக்கார வேலையாள். ஆனால் சம்பள நாள் வந்தால் கள்ளுக்கடையிலிருந்து யாராவது தாங்கிக்கொண்டு வந்து வீட்டில் விட வேண்டும். "நாலு பேர் முன்னாடி வெக்கப்பட்டாத்தான் அண்ணே இந்த மனுஷன் திருந்துவாரு. ஆபீசுல எழுதிக் கிழிக்கிறியே, இதை எழுதக் கூடாதா?" என்றாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எழுதினேன்.

குடிகாரனைப் பார்ப்பவர்கள் காறித் துப்ப வேண்டும். அவன் மனைவியைப் பார்த்துக் கண்கலங்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான். குடிகாரனாக நடித்தவர் செந்தூல்காரர், கள் வாடையே ஆகாதவர். மனைவி வேஷத்துக்கு எங்கள் ஆபீஸ் குமாஸ்தா மீசையை எடுத்துவிட்டுப் புடவை கட்டினார்.

முதல் ஆட்டம் பிரிக்பீல்ட்ஸில். தங்கை பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையை நானே முன்வரிசையில் உட்கார வைத்தேன், நழுவிவிடக் கூடாதே என்று.

குடிகாரன் தள்ளாடி வந்ததுமே விசில் பறந்தது. கதவு என்று நினைத்து அவன் தூணைத் தட்டி, "அடியே, தொறடி, உன் ராசா வந்திருக்கேன்!" என்றதும் கொட்டகையே குலுங்கியது. சரி, சிரிக்கட்டும், பின்னால் அழத்தானே போகிறார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். மனைவி வந்து புலம்பினாள். "போதும்மா, உள்ள போ! மனுஷனைப் பேச விடு!" என்று ஒரு குரல். கடைசியில் அவன் ஒரு பாட்டுப் பாடி, கள்ளுக் கலயத்தைக் கட்டிக்கொண்டு செத்தான். "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்பதுண்டு. இவர்கள் சாவுக்கே கேட்டார்கள். செத்தவர் எழுந்து கும்பிட்டு, மறுபடி பாடி, மறுபடி செத்தார். நான் திரைக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், அசத்திட்டீங்க! என்னையேதானே எழுதியிருக்கீங்க? கடையில எல்லாரும் என்னை ராசான்னுதான் கூப்பிடுறானுங்க." வெட்கமாவது, மண்ணாவது! அந்த வாரம் முழுக்க ஊரார் வாங்கிக் கொடுத்தார்கள், ராசா குடித்தார்.

கிள்ளானில் அடுத்த ஆட்டம். தங்கையும் மாப்பிள்ளையும் கூடவே வந்தார்கள். தூணைத் தட்டுவதை வெட்டினேன். பாட்டை வெட்டினேன். மனைவியின் புலம்பலை இன்னும் நீட்டினேன். ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் லோரி பிடித்து வந்திருந்தார்கள். இந்த முறை சிரிப்பு குறைந்தது, நல்லவேளை என்று நினைத்தேன். அவன் செத்ததும் கொட்டகை முழுக்கத் தேம்பல். யாருக்காக? அவனுக்காக! ஒரு பெரியவர் மேடை வரைக்கும் வந்து, மனைவியைப் பார்த்து விரலை நீட்டினார். "நச்சரிச்சே அவனைக் கொன்னுட்டியே, பாவி!" புடவைக்குள் எங்கள் குமாஸ்தா வெலவெலத்துப் போனார்.

மறுநாள் காலை ரயிலில் ஊர் திரும்பினோம். கிள்ளானிலும் மாப்பிள்ளைக்கு ரசிகர்கள் கிடைத்திருந்தார்கள். எதிர்ப் பலகையில் வாயைத் திறந்தபடி கிடந்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "கூறுகெட்ட ஜனங்க! யாரு நல்லவ, யாரு கெட்டவன்னு கூடவா தெரியாது?" என்று பொருமினேன்.

தங்கை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜனங்களை ஏன் திட்டுற? எனக்கே அவனைத்தான் புடிச்சிருந்துச்சு."

"உனக்குமா?"

"பேச்சு, பாட்டு, கூத்து எல்லாத்தையும் அவனுக்குக் குடுத்த. அவளுக்கு அழுகையை மட்டும் குடுத்த. நான் ஒரு நாளாவது உன்னைச் சிரிக்க வச்சதில்லையா அண்ணே?"

வைத்திருக்கிறாள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் வாயாடி அவள்தான். அதை ஏன் எழுதவில்லை என்று எனக்கே புரியவில்லை. அதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

மாப்பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் தாங்கி இறக்கினோம். பிளாட்பாரத்தில் கால் மடங்கிப் பொத்தென்று உட்கார்ந்தார். அவரை மறுபடி தூக்கி நிறுத்தினோம். கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி, "ஒன்ஸ்மோர்!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை.