மதினியைத் தேடிய அக்கா

அக்கா பிறந்தது ராசிங்காபுரத்தில். வாக்கப்பட்டது போடியில். ஆயுளில் பாதியைக் கழித்தது போடிமெட்டுக்கு மேலே, மச்சானுடைய சிறிய ஏலத்தோட்டத்தில். அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், தம்பியாகிய நான் சொல்ல நினைப்பது ஒரு புத்தகத்தைப் பற்றி.

மலை வளைவுகளில் ஜீப்பு ஏறும்போது உடன் வருபவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் படித்துக்கொண்டே போவார். மழை பொய்த்துச் செடிகள் கருகிய வருடத்திலும் படிப்பை விடவில்லை. எல்லாம் ஒரே கட்டுரையாசிரியர். அவர் பெரிய விஷயம் எதையும் எழுத மாட்டார். சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்தது, குடையைத் தொலைத்தது, அதற்கெல்லாம் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, இவ்வளவுதான். நேரில் பார்த்தேயிராத அவரை அக்கா 'அண்ணன்' என்பார். அவர் மனைவியை 'மதினி' என்பார். சண்டை என்று வந்தால் எப்போதும் மதினி கட்சி. மச்சானைத் திட்டும்போது மதினியின் வசனங்கள்தான் வரும். "அந்த மனுசன் புத்தகம் போட்டா எனக்குல்ல சேதாரம்" என்பார் மச்சான்.

சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அந்த எழுத்தாளருடைய புதிய புத்தகம் வந்தது. அப்போது அக்காவுக்கு நோய் முற்றி, தோட்டத்தை விட்டு இறங்கிப் போடி வீட்டில் படுத்திருந்தார். ஆசை ஆசையாகப் படித்து முடித்தவரின் முகம் வாடியிருந்தது.

"நல்லா இல்லையாக்கா?"

"நல்லாத்தான் எழுதியிருக்காக. ஆனா மதினி எங்கடா? ஒரு எடத்துலகூட திட்டக் காணோமே. இவரு பாட்டுக்குக் காய் வாங்கிட்டு வர்றாரு, சொத்தையான்னு கேக்க ஆளில்ல. அவுகளுக்கு என்னமோ ஆயிருச்சு."

அதிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வெரசாக் கேட்டுச் சொல்றா" என்று என்னைப் பிடுங்கி எடுத்தார். பதிப்பகத்துக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். மறுநாள் எழுத்தாளரே அழைத்துவிட்டார்.

அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அண்ணே, மதினி நல்லா இருக்காகளா?"

அவர், மனைவி காலமாகிவிட்டதாகவும், அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றும் சொன்னார். அக்கா அழுதார். அழுதுகொண்டே திட்டவும் செய்தார்.

"அதுக்காக அவுகளை விட்டுட்டு எழுதுவீகளா? இத்தன வருசமா எங்க வீட்லயும் இருந்தவுக. எங்களுக்குச் சொல்லாமலே அனுப்பிட்டீகளே. எழுதுங்கண்ணே. நல்லவுக வல்லவுகன்னு வேணாம். திட்டுனதை எழுதுங்க. நான் இருக்கையிலயே எழுதுங்க."

அக்கா இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு எழுத்தாளர் மீண்டும் அழைத்து, எழுதியதைப் போனிலேயே வாசித்தார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நேரத்திலும், பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று மனைவி அவரைத் திட்டிய கதை அது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மதினி வந்துட்டாகடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தார். அந்த மகிழ்ச்சியோடுதான் போனார் என்பது எங்களுக்கு இன்றும் ஆறுதல்.

அக்காவை மலையிலிருந்து பக்குவமாக இறக்கிக்கொண்டு வந்த ஜீப்பு ஓட்டுநருக்கும், முறை வைத்து உடனிருந்த தெருப் பெண்களுக்கும், வேலையைப் போட்டுவிட்டு இறங்கி வந்த தோட்டத் தொழிலாளர்களுக்கும், அந்த எழுத்தாளருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மச்சானுக்குத் தனியாக ஒரு நன்றி. இந்த நினைவு மலருக்கு நான் முதலில் எழுதியதைக் கிழித்துப் போட வைத்தவர் அவர். அதில் அக்கா பொறுமைசாலி, இன்சொல் பேசுபவர், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லாதவர். மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடி முழுவதும் கேட்டார்.

"நல்லாருக்கு மாப்ளே. இந்தப் பொம்பளை யாரு?"