போனில் சொல்லாததை எழுதும் இடம்

முதுநகரில் காலை ரயில் ஏறினால் சிதம்பரம் போய்ச் சேரும்வரை சவரியம்மாள் தலை நிமிர மாட்டாள். பக்கத்தில் இருப்பவர்கள் சீரியல் பார்க்கிறாள் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அவள் படிப்பது மகள் வெண்மதியின் வலைப்பூவை.

வெண்மதி நெதர்லாந்தில் டிசைன் படிக்கிறாள். நாற்காலி, மேசை, விளக்கு என்று வீட்டுச் சாமான்களை வடிவமைக்கிற படிப்பு. உதவித்தொகை வாங்கிக்கொண்டு போனவள். அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். செய்த பொருளைக் கொண்டுவந்து காட்டினால் மட்டும் போதாது; எப்படிச் செய்தாய், எங்கே கோட்டை விட்டாய் என்று வாராவாரம் இணையத்தில் எழுத வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. புதிதில் வெண்மதி அதன் முகவரியை அனுப்பி, "இங்கிலீஷ்லதாம்மா இருக்கும், நீ சும்மா படம் பாரு" என்றாள்.

படத்தோடு விட்டிருக்கலாம். சவரியம்மாள் வேலை பார்க்கும் சிதம்பரம் தெற்கு வீதி ஜவுளிக்கடையில் கூட நிற்கும் சத்யப்பிரியாதான், எதை அமுக்கினால் தமிழில் வரும் என்று காட்டிக்கொடுத்தாள். வந்த தமிழ், கல்லும் உமியும் கலந்த அரிசி மாதிரி இருந்தது. பொறுக்கிப் பொறுக்கிப் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் செய்தால், "சூப்பரா இருக்கம்மா, ஃப்ரெண்ட்ஸோட பிரியாணி செஞ்சோம்" என்பாள் மகள். வலைப்பூவிலோ, அறையில் தனியாக ரொட்டி தின்றதும், நாள் முழுக்க ஒருத்தரிடமும் பேசாமல் படுத்ததும் இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று தாய்க்குத் தெரிந்தது. ஆனாலும், "எனக்கென்னடி கொறச்சல், பக்கத்து வூட்டு மாலதி வந்துடறா, ரெண்டு பேரும் சேந்துதான் சாப்புடறோம்" என்று சொல்லி போனை வைத்துவிடுவாள்.

மகள் எழுதுவதில் இன்னொன்றையும் அவள் கவனித்தாள். ஆரம்பத்தில் வெண்மதி நல்லபடியாக வந்த சாமான்களின் படத்தை மட்டும் போட்டாள். "உன் தப்பெல்லாம் எங்கே?" என்று ஆசிரியர் கேட்டாராம். பிறகு பலகை விரிசல் விட்ட கதையை எழுத உட்கார்ந்தவள், எழுதி முடிப்பதற்குள், ஓரத்தை ஒட்டித் துளை போட்டதுதான் காரணம் என்று தானே கண்டுபிடித்திருந்தாள். அடுத்த பலகை விரியவில்லை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஊரில் அந்த எழுத்துதான் அவளுக்குக் கூட்டாளி. அம்மா படிக்கிறாள் என்று தெரிந்தால் அங்கேயும் பிரியாணிக் கதை எழுத ஆரம்பித்துவிடுவாள். அதனால் சவரியம்மாள் மூச்சு விடவில்லை.

ஆனால் பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? வெண்மதி செய்த நாற்காலியில் ஆசிரியர் வந்து உட்கார, எல்லார் முன்னாலும் அதன் கால் முறிந்து அவர் விழுந்திருந்தார். ரயிலில் அதைப் படித்த சவரியம்மாள் ஞாயிறுவரை எப்படியோ பொறுத்தாள்.

"நாற்காலி நல்லா வந்துச்சும்மா. எல்லாரும் கை தட்டுனாங்க."

"அந்த வாத்தியாருக்கு அடி ஒண்ணும் படலியே? நீ பாத்ரூமுக்குள்ள போயி அழுதியாமே பாப்பா..."

"நீ படிக்கிறியாம்மா?" என்றாள் வெண்மதி. பதில் வருவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ரயிலில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. பூட்டிவிட்டாள். ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று, கையில் படிக்க ஒன்றுமில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தனக்குப் படிக்கக் கிடைக்காதது பெரிதில்லை. பிள்ளைக்கு இருந்த ஒரே துணையையும் கெடுத்துவிட்டோமே என்றுதான் தவித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு, சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதோடு நின்றது. மழைக்காலமும் வந்துவிட்டது. இருந்தாலும் தினமும் ரயிலில் அந்தப் பக்கத்தைத் தட்டிப் பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை.

ஒருநாள் பரங்கிப்பேட்டை தாண்டும்போது பக்கம் திறந்தது. இந்தத் தடவை வெண்மதியே தமிழில் எழுதியிருந்தாள்.

"நாற்காலி ஏன் உடைந்தது என்று இத்தனை நாள் என்னால் எழுத முடியவில்லை. பூட்டிய பக்கத்தில் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். படிக்க ஒரு ஆள் இருந்தால்தான் கை உண்மையை எழுதுகிறது. படத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்று காலை மெலிசாக்கினேன். அதனால்தான் முறிந்தது. அம்மா, நீ படி. ஆனா போன்ல கேக்காத, அழுதுடுவேன். நீ எப்படி இருக்கன்னு கீழ எழுது. நெசத்த எழுதும்மா."

கீழே ஒரு கட்டம் இருந்தது. 'நான் நல்லா இருக்கன்' என்று எழுதினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள். கிள்ளை ஸ்டேஷனும் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினாள்.

"மாலதி வூட்ட காலி பண்ணிக்கிட்டு மவன்கூட மெட்ராசுக்குப் போயி ரொம்ப நாளாவுது பாப்பா. நான் ஒண்டியாத்தான் சாப்புடறன். சில நாளு சாப்புடறதும் இல்ல."

அனுப்பிய பிறகுதான் அழுதாள்.