வரிசையில் நின்ற பைகள்

என் அலுவலக அறையில் அலமாரியின் மேல் ஒரு நீல ரெக்சின் பை இருக்கிறது. ஜிப் பாதிக்கு மேல் ஏறாது. உள்ளே ஒரு செங்கல், ஒரு பழைய துண்டு, ஒரு மேஜைக் கடிகாரம், அதிலிருந்து கிளம்பி எங்கும் போய்ச் சேராத இரண்டு ஒயர்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், அது வெடிக்காது, தொட்டுத் துடைக்கலாம் என்று. ஏற்காட்டில் ஒரு விடுதியின் கருத்தரங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மருந்துக் கம்பெனிக் கூட்டம், ஆசிரியர் பயிற்சி, அறுபதாம் கல்யாணம் என்று எது வேண்டுமானாலும் வரும். நாற்காலி, மைக், காபி மூன்றும் சரியாக இருந்தால் என் பொறுப்பு முடிந்தது. மேடையில் பேசுவதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை, போட்டுக்கொண்டால் பைத்தியம் பிடித்துவிடும். அப்படிப்பட்ட என்னையும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்க வைத்த ஒரே ஆள் அந்தப் பையின் சொந்தக்காரர்தான்.

மேஜர் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ராணுவத்தில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடுதிக்காரர்கள், பஸ் கண்டக்டர்கள், பள்ளி வேன் டிரைவர்கள், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்கள் ஆகியோருக்கு அவசரகாலப் பயிற்சி கொடுக்க வருடத்துக்கு ஒருமுறை மலையேறி வருவார். பேனரில் ‘பயங்கரவாதத் தடுப்பு’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நான் முறுக்கு மீசையோடு ஒருவரை எதிர்பார்த்தேன். வந்தவர் குட்டையாக, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எதைப் பார்த்தாலும் “இது ஏன் இப்படி?” என்று கேட்கிறவராக இருந்தார். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றுகிறார்களே, மரத்துக்கு வலிக்காதா? மூடுபனி வந்தால் நாய்கள் ஏன் சாலை நடுவில் போய்ப் படுக்கின்றன? இதற்கெல்லாம் நான் எங்கே போவேன்? நச்சரிப்பு என்றால் அப்படி ஒரு நச்சரிப்பு.

முதல் வருடப் பயிற்சி நாளன்று, ஆட்கள் வருவதற்கு முன்பே அந்த நீலப் பையை இரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, என்னிடம் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். கூடம் நிறைந்தது. பையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்தார்கள். பின்னால் இடமில்லாமல் சிலர் நின்றுகொண்டே கேட்டார்கள். அந்த நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. மதியம் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தபோது ஒரு கண்டக்டர் எழுந்து பையை நிழல் பக்கம் நகர்த்தி, சாயாமல் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் மேஜர் சார் பையைத் திறந்து கடிகாரத்தையும் ஒயர்களையும் வெளியே எடுத்துக் காட்டினார். காலையிலிருந்து ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை என்றார். கண்டக்டர்தான் எழுந்தார். “ஏனுங்க சார், ஆரோ எடம் புடிச்சு வெச்சிருக்காங்கன்னு நெனைச்சோம். அதைப் போயி ஆருதுன்னு கேட்டா, எடத்தப் புடுங்கப் பாக்கறோம்னு தப்பா நெனைச்சுக்க மாட்டாங்களா?”

வேறு பயிற்சியாளராக இருந்தால் குதித்திருப்பார். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு கண்டக்டர் எதிரே உட்கார்ந்துகொண்டு, இடம் பிடிக்கிற பழக்கத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். காபி ஆறிக்கொண்டிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்.

மறுநாள் சந்தை நாள். பால் வாங்கப் போன நான் அவரை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். வெள்ளக்கடைக்கும் செம்மநத்தத்துக்கும் போகிற பஸ்கள் குறைவு என்பதால், மலைக்காரர்கள் வந்ததும் முதலில் பையை வரிசையில் வைத்துவிட்டுத்தான் சந்தைக்குள் போவார்கள். மஞ்சப்பை, ஒயர் கூடை, உரச்சாக்கில் தைத்த பை என்று நீளமாக ஒரு வரிசை. பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. நடுவில் ஒரு பலாப்பழமும் நின்றது. மேஜர் சார் அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கொய்யா விற்கிற அம்மாவிடம், இது யாருடையது என்று கேட்டார். “அது வெள்ளக்கடைக்காரருதுங்க. கூடை அவிய மருமகளுது. அந்தப் பச்சப் பைக்காரரு டீக்கடையில இருக்காரு, கூப்புடட்டுங்களா?” என்று அந்த அம்மா கொய்யாவை அடுக்கிக்கொண்டே சொன்னார். வாழ்நாள் முழுக்க ஆளில்லாத பையைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த மனிதர், ஆளில்லாத ஒரு வரிசையே நிம்மதியாக நிற்பதைப் பார்த்து அசந்துபோயிருந்தார். “நான் இத்தனை வருஷமா பையைப் பாருங்கன்னு சொல்லிட்டிருந்தேம்மா. இவங்க யார் வெச்சாங்கன்னு பாக்கிறாங்க” என்றார் என்னிடம். பிறகு பலாப்பழத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படத்தை அடுத்த கருத்தரங்கில் திரையில் போட்டார். பல மாவட்டங்களிலிருந்து அதிகாரிகள் வந்திருந்த கூட்டம் அது. இது என்ன என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். “பயணி” என்றார் மேஜர் சார். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற நான் மட்டும் சிரித்து, முறைப்பு வாங்கினேன்.

சில வருடங்கள் கழித்து, வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பயிற்சி எடுத்தவர்களைத் தன்னார்வலர்களாகக் கூப்பிட்டார்கள். மேஜர் சாரும் வந்திருந்தார். என்னைப் பந்தலில் மைக்கோடு உட்கார வைத்தார்கள். கோயில் என்பது ஒரு குகை. குனிந்துதான் நுழைய வேண்டும், போன வழியேதான் திரும்ப வேண்டும். வெளியே வெயிலில் நிற்க முடியாமல் சனங்கள் வழக்கம்போலப் பைகளைத் தரிசன வரிசையில் வைத்துவிட்டு மர நிழலிலும் கடைகளிலும் இருந்தார்கள். என் கணவரும் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளும் அப்போதுதான் உள்ளே போனார்கள். அவள் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

முதல் வருடம் நீலப் பையை நிழலுக்கு நகர்த்திய அந்தக் கண்டக்டர் வேகமாக வந்து மேஜர் சாரின் காதருகே குனிந்தார். “சார், வரிசையில ஒரு பைங்க. ஒயர் வெளிய தெரியுது. ஆருதுன்னு கேட்டுப் பாத்துட்டேன், ஒருத்தருக்கும் தெரியலீங்க.” யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாத பையை அந்த மலையில் நான் கேள்விப்பட்டதே இல்லை. மேஜர் சார் பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ் அதிகாரியோடு போய்த் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். பை குகை வாசலுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. சேலத்திலிருந்து நிபுணர்கள் மலையேறி வந்து சேர நேரமாகும். பையால் செத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், யாரோ கத்திய ஒரு கத்தலால் செத்தவர்களையும் பார்த்திருக்கிறேன் என்று அவர் வகுப்பில் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். குகைக்குள் இருப்பவர்கள் உள்ளேயே இருக்கட்டும், நடுவில் பாறை இருக்கிறது. வெளியே உள்ள வரிசையைத்தான் நகர்த்த வேண்டும். அந்தப் பைக்குப் பக்கத்தில் ஆட்கள் வந்து போவது ஆபத்து என்று மேஜர் சாருக்குத் தெரியாதா? தெரியும். கூட்டம் மிரண்டு ஓடினால் அது அதைவிட ஆபத்து. அவர் என்னிடம் வந்தார். “உள்ள யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்மா. முடியலன்னா மைக்கைக் கொடுத்திடுங்க. ஆனா நான் பேசினா வெளியூர்க் குரல், என்னமோ ஏதோன்னு மிரண்டுடுவாங்க.”

நான் மைக்கைக் கொடுக்கவில்லை. “ஏனுங்க, வரிசை எடம் மாறுதுங்க. அவங்கவங்க பைய மட்டும் எடுத்துக்கிட்டு கீழ மைதானத்துப் பக்கம் வந்து வெச்சுக்குங்க. முன்னால வெச்சவங்க முன்னால. அவசரமில்லீங்க, ஆரு எடமும் போகாதுங்க” என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். நிழலிலிருந்து சனங்கள் வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே அவரவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அடுத்தவர் பையை யாரும் தொடவில்லை. வரிசை தானாகக் கரைந்து, கடைசியில் ஒரே ஒரு கட்டம் போட்ட பை மிஞ்சியது. அதைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். நான் குகை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிபுணர்கள் வருவதற்குள், பின்பக்கப் பாறை நிழலில் தூங்கி எழுந்த ஒரு பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். “ஏனுங்க, என்ற பை மட்டும் எதுக்குங்க தனியாக் கெடக்குது? என்ற எடம் போச்சுங்களா?” செம்மநத்தத்தில் மகள் ஊட்டுக்கு விருந்தாளியாக வந்தவர். அதனால்தான் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. பைக்குள் இருந்தது ரிப்பேருக்குக் கொண்டுவந்த ரேடியோ, வெளியே தொங்கியது அதன் பேட்டரி ஒயர். போலீஸ் அதிகாரி பிடித்துத் திட்டினார். மேஜர் சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே, ரேடியோவில் என்ன கேட்பீர்கள் என்று அந்தப் பெரியவரைக் கேட்டார். “மழை வருமான்னு கேப்பனுங்க. வரும்பான், வராது. இருந்தாலும் கேப்பனுங்க” என்றார் அவர். மேஜர் சார் அவரைக் கையைப் பிடித்து வரிசைக்கு முன்னால் கூட்டிப்போனார். என் மகள் வெளியே வந்து, உள்ளே நொம்ப நேரம் நிற்க வைத்துவிட்டார்கள், ஒரே குளிர் என்று புகார் சொன்னாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தேன்.

மறுநாள், மைக்கில் பேசும்போது என்ன நினைத்தீர்கள் என்று என்னையும் அவர் விடவில்லை. அவள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாளா இல்லையா என்று நினைத்தேன் என்றேன். போட்டிருந்தாளா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

கடைசியாக வந்தபோது அவருக்கு முழங்கால் வலி. இனி இது மலையிலேயே இருக்கட்டும் என்று பையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். போன வருடம் அவர் மகன் போன் செய்து, அப்பா போய்விட்டார் என்றார். என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

இந்த வருடமும் பயிற்சி நடந்தது. பயிற்சியாளராக ஓர் இளம் பெண் வந்திருந்தார். பெரிய திரை, செல்போனிலேயே கேள்வி பதில், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆட்கள் வருவதற்கு முன் நான் அலமாரியிலிருந்து நீலப் பையை எடுத்து இரண்டாவது வரிசையில் அதே இடத்து நாற்காலியில் வைத்தேன். பயிற்சிக்காக இல்லை. அவருக்கு இடம் பிடித்து வைத்தேன், அவ்வளவுதான். ஒருநாள் முழுக்க அந்த நாற்காலி காலியாக இருக்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

கூடம் பாதிகூட நிறையவில்லை. வெள்ளக்கடையில் தங்கும் விடுதி நடத்துகிற ஓர் அம்மா அந்த வரிசைக்கு வந்தார், பையைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ஏனுங்க, இது ஆருது பைங்க?” என்று கூடத்துக்கே கேட்கும்படி கேட்டார். பேச்சு நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் ஓசையில்லாமல் எழுந்து விலகினார்கள். நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்தேன். அந்த அம்மா மறுபடியும் கேட்டார்.

“என்னுதுங்க” என்றேன்.

“உன்னுதுன்னா எடுத்துக்க கண்ணு. இங்கயா வெச்சுட்டுப் போவாங்க?”

நான் போய்ப் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அந்த அம்மா முந்தானையால் நாற்காலியைத் தட்டிவிட்டு அதில் உட்கார்ந்தார்.