எண் என்றால் எண்தான்

லிஃப்ட் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் எவருமில்லை. எல்லோருக்கும் அவள் "புள்ளி". வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெக்கானிக்குகளுக்கான கையேட்டில் இரண்டரை மில்லிமீட்டராக இருக்கவேண்டிய இடைவெளி இருபத்தைந்து என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு புள்ளியக் காணோம்" என்று மாடி முழுக்க முறையிட்டுத் திரிந்தாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். கணவன்கூட விருந்தாளிகளிடம் "எங்க வீட்டுப் பெரிய புள்ளி" என்றுதான் அறிமுகம் செய்வான்.

படித்தது விலங்கியல். ஆனால் வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தால் மற்றவர்கள் சாமானைப் பிரிக்கும்போது அவள் கூட வந்த விளக்கத்தாளைப் பிரிக்கிற ரகம். படித்துவிட்டு, எழுதினவனைத் திட்டவும் செய்வாள். திட்டியது போதும், நாமே எழுதுவோம் என்றுதான் கையேடு எழுதும் வேலைக்கு வந்தாள்.

அவளுடைய நாத்தனார் அதே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். கணவனின் தங்கை. வாய் கொஞ்சம் நீளம், கைவேலை படுசுத்தம். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் புது லிஃப்ட் கையேட்டின் சோதனைப் பிரதி இருந்த, கிரீஸ் படிந்த டேப்லெட்டைக் கொண்டுவந்து அண்ணியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணி, இந்த அட்டவணைய எந்த மகராசன் அடுக்குனது? நூறுக்கு அப்புறம் பன்னெண்டு, அதுக்கப்புறம் ஒன்பது. ஒரு இடத்துல நம்பரே இல்ல, 'தேவையான அளவு'ன்னு இருக்கு. கம்பிவடத்தை எவ்வளவு இறுக்கணும்னு நான் ஜோசியம் பாக்கணுமா?"

புள்ளி வாயில் வைத்த கவளத்தை மெல்லவே மறந்துபோனாள். கோபமில்லை, திருடனின் காலடித் தடத்தைக் கண்டுபிடித்தவளின் பரபரப்பு.

கையேடுகள் எல்லாம் எக்ஸ்.எம்.எல் என்ற வடிவத்தில் இருந்தன. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சீட்டு, அந்தச் சீட்டுக்குள் எடை, தேதி, அடையாளம் என்று சின்னச் சின்னக் கட்டங்கள். இந்தக் கட்டங்களைப் பண்புகள் என்பார்கள். எந்தக் கட்டத்தில் எண் வரவேண்டும், எதில் தேதி வரவேண்டும் என்று மென்பொருளுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. போட்டதையெல்லாம் அது வெறும் எழுத்தாக விழுங்கிவிட்டது. எழுத்தாகப் பார்த்தால் நூறு ஒன்றில் தொடங்குகிறது; ஒன்பதுக்கு முன்னால் போய் நிற்கத்தான் செய்யும்.

கை கழுவின ஈரத்தோடு மேலாளரிடம் ஓடினாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வகை சொல்லி விதி எழுதுவோம், விதிக்கு ஒத்துவராத புத்தகம் வெளியே போகக்கூடாது என்றாள். புது லிஃப்டின் கையேடு அந்த வாரமே வெளிவர இருந்தது. மேலாளர் தலையைச் சொறிந்தார். சரி, செய்யுங்கள், ஆனால் வேலை தடைபட்டால் கம்பெனிக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்று பந்தை அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

புரோகிராமரும் அவளும் உட்கார்ந்தார்கள். அவர் கம்ப்யூட்டரைச் செல்லமாகத் திட்டிக்கொண்டே வேலை செய்கிற மனிதர். இறுக்கும் அளவு என்றால் எண். சரிபார்த்த நாள் என்றால் தேதி. மின்சாரத்தை நிறுத்தவேண்டுமா என்றால் ஆம், இல்லை, இரண்டில் ஒன்று. பக்கத்தின் அடையாளம் என்றால் ஊருக்கு ஒன்றே ஒன்று, இரண்டாவது கூடாது. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

விதிகளைக் கையேட்டின்மேல் முதல் தடவை ஓட்டியதும், ஒத்துவராத வரிகள் சிவப்பில் வந்து திரையை நிரப்பின. தலையிலிருந்து கால்வரை சிவப்புதான். மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. புரோகிராமர் ஒரு வரியை உற்றுப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"முழு எண் மட்டும்தான் வரலாம்னு சொல்லிட்டீங்க. ரெண்டரை, மூணேகால் எல்லாம் வெளிய நிக்குது. புள்ளிக்கே புள்ளி ஆகலையா?"

மாடியே சிரித்தது. அவளும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தசம எண் என்று மாற்றினார்கள். மறுபடி ஓட்டியபோது சிவப்பு மளமளவென்று வடிந்து, கொஞ்சம் வரிகள் மட்டும் மிஞ்சின. அத்தனையும் அசல் கோளாறு.

அப்புறம் வேடிக்கைக்குக் கேட்கவேண்டுமா? பிப்ரவரி முப்பதாம் தேதி சரிபார்க்கப்பட்ட ஒரு கதவு அகப்பட்டது. ஆம், இல்லை என்று வரவேண்டிய இடத்தில் எவரோ "பார்க்கலாம்" என்று எழுதியிருந்தார். ஓர் எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்து, பூஜ்யம்போலவே நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கும்மாளம்.

கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. இரண்டு பக்கங்களுக்கு ஒரே அடையாளம். ஒன்று பிரேக்கைப் பூட்டும் பக்கம், மற்றது விடுவிக்கும் பக்கம்.

புள்ளி நாத்தனாருக்குப் போன் போட்டாள். அவள் சோதனை லிஃப்டிலிருந்து ஸ்பானரும் கையுமாக மேலே ஏறிவந்தாள். வெளியீட்டுக்குத் தயாராக இருந்த பிரதியைத் திரையில் திறந்து "பிரேக்கைப் பூட்ட" என்பதைத் தொட்டாள். திறந்தது விடுவிக்கும் பக்கம். படங்கள் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன. திருகும் திசை மட்டும் வேறு.

நாத்தனார் ஸ்பானரை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணி, அவசரத்துல நான் தலைப்பப் படிக்க மாட்டேன். படத்தப் பாத்துத் திருகிருப்பேன். லிஃப்ட் கூண்டுக்கு மேலதான் நின்னுட்டிருப்பேன், பிரேக் விட்டுப்போயிருக்கும்."

புள்ளி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "இன்னும் வெளிய போகல. இப்பவே மாத்திடலாம். நீ பாத்துச் சொல்லு, நான் திருத்தறேன்."

அண்ணியும் நாத்தனாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு திருத்தினார்கள். மேலாளர் தானே போய்க் காப்பி வாங்கிவந்தார். இதுவரை யாரும் கண்டிராத காட்சி. திரும்ப ஓட்டும் பொத்தானை நாத்தனார்தான் அழுத்தவேண்டும் என்று புள்ளி பிடிவாதம் பிடித்தாள். அழுத்தினாள். திரையில் ஒரு சிவப்புக்கூட இல்லை. புரோகிராமர் கம்ப்யூட்டரின் தலையில் தட்டிக்கொடுத்தார். யாரோ கைதட்ட, மாடி மொத்தமும் சேர்ந்துகொண்டது. புத்தகம் சொன்ன நாளில் வெளியே போயிற்று.

விதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அன்றோடு புள்ளியிடம் வந்தது. அவளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தது: எண் கட்டத்தில் வேண்டுமென்றே "வாழைப்பழம்" என்று அடிப்பாள், மென்பொருள் முடியாது என்று மறுக்கும், அவள் பூரித்துப்போவாள். இதைக் கணவனுக்குச் செய்துகாட்டியபோது அவன், வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் நான் கேட்கிற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் கிடைக்குமே என்றான்.

அடுத்த வாரம் நாத்தனார் மறுபடி சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். இந்தத் தடவை புகார் இல்லை.

"அண்ணி, பழைய லிஃப்ட் கையேடெல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரு மூலையில தூங்குதே. அதையும் ஓட்டிப் பாப்பமா?"

இருவரும் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் படியேறி ஓடினார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.