பட்டைத் தேள்

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்த காலம் அது. கிழக்குத் தீவுகளிலிருந்து அவர்கள் கப்பலில் பெரிய மரங்கள் வந்திறங்கின. தச்சர்கள் சீவித் தள்ளிய பட்டை கரையில் குவிந்து கிடந்தது. வலை நூல் மக்காமலிருக்கப் பட்டையை வேகவைத்துத் துவர்ச்சாறு ஏற்ற ஆகுமென்று நானும் என் பெண்சாதியும் இரண்டு சுமை அள்ளி வந்தோம்.

மறுநாள் காலையில் பட்டையை ஒடித்துப் பானையில் போட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை உதறினாள். பட்டையின் உட்புறத்தில் ஒரு தேள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. தட்டை உடம்பு, மெலிந்த வால், நண்டுக்கு இருப்பதுபோல் தடித்த முன்கைகள். முதுகில் நொய்யரிசிபோல வெள்ளைக் குஞ்சுகள்.

"எறும்பு கடிச்ச மாரிதான் கீது. வுடுய்யா" என்றாள்.

அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. என் தங்கை செந்தேள் கொட்டி, வாயில் நுரை தள்ளி, நைனாவின் மடியிலேயே அடங்கியதைப் பார்த்தவன் நான்.

"கம்முனு இரு மே. விஷம் ஏறிடும்!"

மணிக்கட்டைக் கயிற்றால் இறுக்கினேன். மீன் அறுக்கும் கத்தியால் அவள் ஆள்காட்டி விரல் நுனியைக் கீறி, அடுப்புக் கங்கை வைத்து அழுத்தினேன். அவள் அலறியது விஷத்தால்தான் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன்.

விஷம் ஏறவில்லை, விரல்தான் அழுகியது. எட்டாம் நாள் வைத்தியர் வந்து இரண்டு கணுவை எடுத்தார். வலது கை விரல். ஏரிச் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் கை அது. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு அவள் இறங்கினால், எங்கள் குப்பத்தில் யாரும் அவளுக்கு ஈடில்லை.

மழைக்கு முன்பு மிச்சப் பட்டையை நான் ஒடித்தபோது அதே வகைத் தேள் என் பெருவிரலில் கொட்டியது. கத்தியை எடுத்தேன். வெட்டிக்கொள்ளக் கை வரவில்லை. சாவு வரட்டும் என்று வேர்த்து உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்வதற்குள் கடுப்பே இல்லை. சிறு தடிப்பு, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அவளிடம் சொன்னேன்.

"எனக்கும் அதே தேள்தான் கொட்டுச்சு. ஒண்ணும் ஆவல."

அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "நீ விரலை வெட்டிக்கினியா?"

"இல்ல."

"சரி."

இடது கையால் இறால் தடவ அவள் பழகிக்கொண்டாள். முன்பு பிடித்ததில் பாதிகூடக் கிடைக்காது. ஒருமுறை கெளுத்தி முள் அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. நான் பக்கத்தில்தான் வலை பிரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து அவளிடம் போனேன். அவள் கையை மார்போடு மடக்கிக்கொண்டு, பக்கத்துக் குடிசைக்காரியைக் கூப்பிட்டாள்.