நான் அடைத்த ஓட்டைகள்

துபாயில், சத்வாவில் ஆறு பேரோடு ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் அதே கம்பெனியின் குவைத் வேலைக்கு மாற்றலாகிப் போனேன். நான் டிராஃப்ட்ஸ்மேன். இன்ஜினியர்கள் சொல்வதைப் படமாக வரைந்து கொடுப்பதுதான் என் வேலை. துபாயில் ஏ.சி. காற்று போகும் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றுவதற்குப் படம் போட்டிருக்கிறேன். குளிர்ச்சியை வெளியே விடாமல் வைப்பது பற்றி ஏதோ கொஞ்சம் தெரியும். மனிதர்கள் படுக்கும் இடத்தில் சூட்டைப் பிடித்துவைக்கும் வேலையை நான் செய்ததே இல்லை.

குவைத்தில் குளிரா என்று ஊரில் சிரிப்பார்கள். எங்கள் கேம்ப், நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வடமேற்கே, பாலைவனத்தின் நடுவில் இருந்தது. குழாய் பதிக்கும் வேலை. மூன்று தகர ஷெட்டுகள், ஒவ்வொன்றிலும் இருபது பேருக்கு மேல். ஜனவரியில் வாடைக்காற்று அடித்தால் டிரம்மில் இருக்கும் தண்ணீர் மேலே கண்ணாடிபோல உறைந்திருக்கும். ஆட்கள் விடும் மூச்சு கூரைத் தகரத்தில் பட்டுத் தண்ணீராகிக் கம்பளியின் மேலேயே சொட்டும். முந்தைய குளிர்காலத்தில் இரண்டு பேருக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அடுத்த குளிருக்குள் ஷெட்டுகளைச் சரிசெய்தாக வேண்டும் என்று எங்கள் கம்பெனிக்குக் குழாய் வேலை கொடுத்தவர்கள் கடிதம் எழுதிவிட்டார்கள்.

செப்டம்பரில் ஒருநாள் எங்கள் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். அவர் லெபனான்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர். இன்சுலேஷன் வேலை தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்த மாதம்தான் ஆபீஸில் இரண்டு பேரை விசா கேன்சல் செய்து அனுப்பியிருந்தார்கள். தெரியாது என்று சொல்லும் அடுத்த ஆளாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியானால் முழுத் திட்டமும் நீயே போடு என்று சொல்லிவிட்டார்.

கேம்பில் ஸ்டோர்கீப்பராக யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட ஒரு வயது இளையவர். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஷெட் ஷெட்டாக அவர்தான் என்னோடு வந்தார். பகலில் உள்ளே நின்று கதவைச் சாத்தினால் எங்கெங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்தோம். போல்ட் கழன்ற துளைகள், சுவரும் கூரையும் சேரும் இடத்தில் நெளிநெளியான சந்துகள், கதவுக்கடியில் மூன்று விரல் இடைவெளி. ஒன்றுவிடாமல் நோட்டில் குறித்தேன். தகரத்துக்கு உட்புறம் மரச்சட்டம் அடித்து, நடுவில் கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ப்ளைவுட், கதவுக்கு நாலு பக்கமும் ரப்பர் பட்டை என்று திட்டம் போட்டேன். சூட்டுக்கு ஒவ்வொரு ஷெட்டிலும் நான்கு எலக்ட்ரிக் ஹீட்டர். கம்பெனி கேட்லாக்கில் இருந்த படத்தைப் பார்த்து, சுவரின் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்றுத் துவாரங்களும் வரைந்திருந்தேன். அவை எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. கேட்லாக்கில் இருந்தது, வரைந்தேன்.

முதல் ஷெட்டில் தச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது புதுக்கோட்டைப் பக்கத்து வெல்டர் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். அவருடைய கட்டில் கீழ்த் துவாரத்துக்கு நேராக வந்துவிட்டது.

"தம்பி, போன வருஷம் மண்ணு புகுந்து இருமி இருமியே செத்தோம். எல்லாத்தையும் அடைச்சுட்டு இதை மட்டும் எதுக்கு விடறீங்க? இதையும் அடைச்சிருங்க."

இன்ஜினியரிடம் கேட்டேன். தூசி வராமல் இருந்தால் நல்லதுதானே, உன் இஷ்டம் என்றார். நான் சிவப்புப் பென்சிலை எடுத்து எல்லாத் துவாரங்களின் மேலும் குறுக்குக் கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். ஸ்டோர்கீப்பர் அந்தப் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணை, இத்தினை பேர் மூச்சு விடுறதுக்கு ஒரு வழியும் இல்லையே?"

கதவு இருக்கிறதே என்றேன். அவர் படத்தை மடித்து ஸ்டோரில் வைத்துக்கொண்டார்.

டிசம்பரில் வேலை முடிந்தது. ஹீட்டர்கள் வந்தன. மூன்று ஷெட்டிலும் ஒரே நேரத்தில் போட்டால் ஜெனரேட்டர் தாங்காமல் நின்றுவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெரிய ஜெனரேட்டருக்கு எழுதிப் போட்டிருக்கிறது, வரும்வரை ஷெட்டுக்கு ஒரு ஹீட்டர் போதும் என்று இன்ஜினியர் சொன்னார். கேம்ப் ஆட்கள் முந்தைய வருடம் செய்ததையே செய்தார்கள். டிரம்மைப் பாதியாக வெட்டி, கரி போட்டு, கனல் சிவந்ததும் உள்ளே இழுத்துவைத்துக்கொண்டார்கள். முந்தைய வருடம் அந்த ஷெட்டில் ஆயிரம் ஓட்டைகள் இருந்தன.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள். வேலையில் குறை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவர நகரத்திலிருந்து பிக்கப்பில் கேம்புக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கேம்பில் துணி துவைக்கும் சத்தமாவது இருக்கும். அன்று வெளியே ஒருவரும் இல்லை. இரண்டாம் ஷெட்டிலும் மூன்றாம் ஷெட்டிலும் இருந்தவர்கள் மழையென்று மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஷெட்டின் கதவு சாத்தியிருந்தது.

தட்டினேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இழுத்தேன், கதவு வரவில்லை. ரப்பர் பட்டை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தபோது திறந்து, வெதுவெதுவென்று சூடு முகத்தில் வந்து மோதியது. ஒரு விநாடி எனக்குப் பெருமையாக இருந்தது. இதை இன்றும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

பிறகுதான் பார்த்தேன். பத்து மணிக்கு எல்லோரும் படுத்திருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவருகே ஒருவர் செருப்பை மாட்டப் போனவர்போலக் குனிந்து, தரையில் நெற்றியை வைத்துக் கிடந்தார். பக்கத்தில் வாந்தி. நடுவில் அரை டிரம், அதில் சாம்பலுக்கடியில் சிவப்பு. புகை என்று ஒன்றும் இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை.

ஸ்டோர்கீப்பரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்று ஒரே ஒரு முறை உள்ளே பார்த்தார். "கரிக்காத்து அண்ணை, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னாலேயே உள்ளே ஓடினார். மெஸ்ஸிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கம்பளியோடு சேர்த்து ஒவ்வொருவராக இழுத்து மழையில் போட்டோம். பதினேழு பேர்; அந்த ஷெட்டின் மீதிப் பேர் லீவென்று முதல்நாளே நகரத்துக்குப் போயிருந்தார்கள். இரண்டாம் தடவை உள்ளே போனபோது என் கால் என் சொல் கேட்கவில்லை. காதில் ரத்தம் அடிக்கிற சத்தம். இங்கேயே விழுந்தால் இது நான் வரைந்த சுவர், நான் அடைத்த சந்து என்று தோன்றியது. கட்டில் காலைப் பிடித்துத் தவழ்ந்து வெளியே வந்தேன். மூன்றாம் தடவை நான் போகவில்லை. ஸ்டோர்கீப்பர் போனார்.

மழை முகத்தில் பட்டதும் ஒவ்வொருவராக இருமினார்கள், முனகினார்கள். வெல்டர் மட்டும் அசையவில்லை. உதடு நல்ல சிவப்பாக இருந்தது; கரி எரியும்போது வரும், கண்ணுக்குத் தெரியாத விஷவாயு ரத்தத்தில் ஏறினால் அப்படி ஆகும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அவரையும் இன்னும் மூன்று பேரையும் பிக்கப்பில் ஏற்றி, கூட ஓராளையும் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். ஒன்றரை மணி நேரமும் கண்ணாடியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனேன். வெல்டர் மூச்சு விடுகிறாரா என்று பின்னாலிருந்தவரிடம் எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. ஒரு தடவை அவர் பதில் சொல்லத் தாமதமானது.

யாரும் சாகவில்லை. வெல்டருக்கு மட்டும் நினைவு வர இரண்டு நாள் ஆயிற்று.

அந்த இரண்டு நாளும் நான் எதற்குப் பயந்தேன் என்று சொல்கிறேன். அவர் செத்துவிடுவாரோ என்று பயந்தேன். அதற்குச் சமமாக, என்னைப் போலீஸ் பிடிக்குமோ, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்றும் பயந்தேன். வேலை கொடுத்தவர்களின் பாதுகாப்பு அதிகாரி, ஒரு வெள்ளைக்காரர், ஞாயிற்றுக்கிழமை விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. இன்ஜினியர் என்னைத் தனியாக அழைத்து, முதலில் வரைந்த படத்தில் துவாரம் இருக்கிறது, அதைக் காட்டுவோம், கேம்ப் ஆட்கள்தான் தாங்களாக அடைத்துவிட்டார்கள் என்று சொல்வோம் என்றார். சிவப்புப் பென்சில் போட்ட படம் ஸ்டோரில் இருக்கிறதாமே, அதை வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றார். நான் தலையாட்டினேன்.

மறுபடி கேம்புக்குப் போய் ஸ்டோரில் கேட்டேன். ஸ்டோர்கீப்பர் மடித்து வைத்திருந்த படத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இந்தாங்கோ அண்ணை. கொண்டுபோய் என்ன செய்யப்போறியள் எண்டு நான் கேக்கேல்லை."

வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் மற்ற இரண்டு ஷெட்டுகளும் கண்ணில் பட்டன. அவற்றையும் அப்படித்தான் அடைத்திருந்தேன். நாற்பது பேருக்கு மேல் அங்கே படுக்கிறார்கள். இரண்டு நாளாக அது என் நினைவுக்கே வரவில்லை. திரும்பிப் போய் அவரிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமையே எல்லா டிரம்மையும் எடுத்து ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டதாகவும், கதவுகள் சாத்தாமல் இருக்கக் கல் வைத்திருப்பதாகவும், ஆட்கள் குளிரில் நடுங்கியபடிதான் படுக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அந்தப் படத்தை நான் இன்ஜினியரிடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாரியின் மேஜையில் விரித்துவைத்து, இந்தக் கோடு நான் போட்டது, கையெழுத்தும் என்னுடையது என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, துவாரம் திறக்க எத்தனை மணி நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். சாயங்காலத்துக்குள் என்றேன். தச்சர்களோடு நானும் ரம்பம் பிடித்தேன். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பெரிய ஜெனரேட்டர் பத்து நாளில் வந்தது. இன்ஜினியர் அதன்பின் பல மாதம் என்னிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் ஷெட்டுக்குள் ஆட்கள் வர மறுத்தார்கள். மெஸ் தரையில் படுத்தார்கள். அவர்களிடம் பேசிப் பயனில்லை என்று என் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த ஷெட்டிலேயே ஒரு கட்டிலில் படுத்தேன். தூக்கம் எங்கே வந்தது? துவாரத்தின் பக்கம் கையை வைத்து வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன். நாலாம் நாள் மூன்று பேர் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

வெல்டர் பன்னிரண்டு நாள் கழித்துக் கேம்புக்குத் திரும்பினார். கை நடுக்கம் நிற்கவில்லை. வெல்டிங் ராடை நேராகப் பிடிக்க முடியவில்லை. கம்பெனி அவரை ஊருக்கு அனுப்ப முடிவு செய்தது. கிளம்பும் நாள் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அவரே பேசினார். "நான்தானே தம்பி அடைக்கச் சொன்னேன்."

"நீங்க சொல்லலாம் அண்ணே. நான் அடைச்சிருக்கக் கூடாது."

அவர் இல்லை என்று மறுக்கவில்லை. பஸ் வந்ததும் பெட்டியை நான் தூக்கினேன். கையெழுத்துப் போட ஏதோ காகிதத்தை டிரைவர் நீட்டினார். வெல்டரின் விரல் பேனாவைப் பிடிக்காமல் நழுவவிட்டது. காகிதம் ஆடாமல் இருக்க நான் பிடித்துக்கொண்டேன். மெதுவாக, எழுத்துக் கூட்டி, தன் பெயரைப் போட்டு முடித்தார்.